இரண்டு அக்காக்கள்

1/ பிள்ளைகளுக்கு லீவுல என்ன கதைப் புத்தகம் வாங்கித் தரலாம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது 'லிட்டில் விமன்'. நாலு அக்கா தங்கச்சிங்க, போருக்குப் போன அப்பா, காசுக்குத் திண்டாடும் வீடு. அதுல மூணாவது பொண்ணு பெத் இறந்துபோறா. அந்தச் சாவைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

2/ பெத் வெறும் கற்பனை இல்லை. எழுதினவர் அமெரிக்காவின் லூயிசா மே ஆல்காட். அவர் அம்மா உதவப் போன ஏழைக் குடும்பத்திலிருந்து 1856ல் தங்கை எலிசபெத்துக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் தொற்றியது. உடம்பு தேறவே இல்லை. 1858 மார்ச்சில் இறந்தபோது வயது 22. பத்து வருஷம் கழிச்சு, 1868ல் அக்கா அந்த நாவலை எழுதினார்.

3/ தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் அந்தக் காய்ச்சலுக்குக் காரணம். பென்சிலின் கண்டுபிடிச்சதே 1928ல். இன்னைக்கு அது மருந்தால குணமாகும். ஆனா இதே கிருமியோட தொண்டை வலியைக் கவனிக்காம விட்டா, சில பிள்ளைகளுக்குப் பின்னாடி இதய வால்வு கெட்டுப்போகும்.

4/ இப்ப நம்ம பக்கம் வருவோம். புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம். 1923ல் அவர் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அக்காவே டாக்டர். அப்படியும் காப்பாத்த வழி இல்லை.

5/ 1925ல் மேல்படிப்புக்கு லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்குன்னே தனி மருத்துவமனை இருந்தது. நம்ம ஊருக்கும் ஒண்ணு வேணும்னு அப்பவே மனசுல விழுந்துடுச்சு. பல வருஷம் அலைஞ்சு நிதி திரட்டினார். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோட ஆஸ்பத்திரி திறந்தப்ப அவருக்கு வயசு 67. தங்கை போய் 31 வருஷம்.

6/ அதே 1954, நவம்பர் 1ல்தான் எங்க போலகம் உட்பட காரைக்கால் முழுக்க பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியா கைக்கு வந்தது. இன்னைக்கும் இந்தப் பக்கம் புற்றுநோய்னா பலர் வாயில முதல்ல வர்ற பேரு 'அடையாறு'. அதுக்குப் பின்னாடி ஒரு தங்கச்சி இருக்கான்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

7/ மலத்துல ரத்தம் வந்தா 'மூலமா இருக்கும், சூடா இருக்கும்'னு மாசக்கணக்கா மறைக்கிற பெண்கள் இன்னும் இருக்காங்க. பெரும்பாலும் மூலம்தான். ஆனா அதைப் பரிசோதிச்சுத்தான் சொல்லணும். டாக்டர்கிட்ட வெக்கப்படுற தங்கச்சி அக்காகிட்ட சொல்லுவா. அக்காமார்களே, அப்படிச் சொன்னா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.