கிறகரி வாவியும் பாசி எரிபொருளும்

கழிவுநீரில் பாசி வளர்த்து விமான எரிபொருள் செய்யலாமாமே, நுவரெலியாவில்தான் பாசிக்குப் பஞ்சமில்லையே என்று நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டாரோ என்னவோ, அக்கேள்விக்குள் மலையகத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

கிறகரி வாவி இயற்கையாக அமைந்ததன்று. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் 1873ஆம் ஆண்டு, ஆளுநர் சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலைச் செய்கை பின்னர் மலைகளெங்கும் பரவியது. காடிழந்த சரிவுகளின் மண் மழையோடு ஓடைகளில் இறங்கிற்று. பிற்காலத்தில் மரக்கறித் தோட்டங்களின் உரமும் நகரத்தின் கழிவுநீரும் சேர்ந்தன. நைதரசனும் பொசுபரசும் மிகுந்த நீரில் பாசி பெருகுவதில் வியப்பில்லை. வாவியின் நீர் நானுஓயா வழியே கொத்மலை ஓயாவையும் மகாவலியையும் அடைகிறது. கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் நச்சுத்தன்மை கொள்ளக்கூடிய மைக்ரோசிஸ்டிஸ் நீலப்பச்சைப் பாசி பெருகியது.

2009 ஜனவரியில் அமெரிக்காவின் கொன்டினென்டல் விமானம் ஒன்று, பாசி எண்ணெயும் காட்டாமணக்கு எண்ணெயும் கலந்த எரிபொருளில் சோதனையாகப் பறந்தது. அதே ஆண்டு எக்ஸன்மோபில் நிறுவனம் பாசி ஆய்வுக்கு 60 கோடி டொலர் வரை செலவிடப்போவதாக அறிவித்தது. பின்னர் அதிலிருந்து விலகிக்கொண்டது. பாசியை அறுவடை செய்து, நீரகற்றி, எண்ணெய் பிரிக்கும் செலவு இன்றும் பெருந்தடை.

கழிவுநீரிலுள்ள சத்துகளைப் பாசி உறிஞ்சுவது நன்மையே. எனினும் அதை முறையாக அறுவடை செய்யாவிடில், இறந்த பாசி அழுகி நீரின் ஒட்சிசனைக் குடித்துவிடும், மீன்கள் மடியும். பரந்த குளங்களுக்குச் சமதரை வேண்டும். செங்குத்தான மலைகளில் அத்தகைய நிலத்தில் ஏற்கெனவே மரக்கறியும் மனிதரும் இருக்கின்றனர்.

இம்மலைகள் கோப்பி, தேயிலை, மின்சாரம் என எல்லாவற்றையும் வெளியூர்களுக்கு வழங்கின. மலையின் நீரில் மின்சாரம் பிறந்த பின்னரும் லயன்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. பாசி எரிபொருள் என்றேனும் இங்கு வருமாயின், அதன் முதற்பயன் லயன்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படுவதாகவும், ஓடை நீரை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குச் சுத்தமான நீர் கிடைப்பதாகவும் இருக்கவேண்டும். நண்பருக்கு நான் எழுதிய பதில் இவ்வளவே.