அட்டகாமாவிலிருந்து காவிரி வரை

கூடலூரிலிருந்தும் சாம்ராஜ்நகரிலிருந்தும் மைசூருக்கு ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம் சி.டி. அறை வாசலில் கேட்பார்கள்: "கிரியேட்டினின் ரிப்போர்ட் கொண்டுவந்தீங்களா? சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறீங்களா?" இரண்டுமே கிட்னியை நினைத்துக் கேட்பவை. உள்ளே இன்ஜெக்டரில் ஏறக் காத்திருப்பது ஐயோஹெக்சால் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து. பார்க்கத் தண்ணீர்தான், தொட்டால் பிசுபிசுக்கும்.

அதன் உயிர் அயோடின். உலக அயோடினில் பாதிக்கு மேல் சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தின் உப்புப் படிவிலிருந்து வருகிறது. அடுத்த இடம் ஜப்பானுக்கு, அங்கே நிலத்தடி உப்புநீரிலிருந்து எடுக்கிறார்கள். அயோடின் எக்ஸ் கதிரை நன்றாகத் தடுக்கும் கனமான தனிமம். 100 மில்லி மருந்து பாட்டிலில் அது 30 கிராம் அளவுக்கு இருக்கும். ஒருவருக்கு அன்றாடம் வேண்டியது 150 மைக்ரோகிராம் என்பதால், கணக்குப்படி அது 500 வருஷத்துக்கு மேல் போதும்!

கிட்னியைப் படம் பிடிக்கும் வேலைக்குள் இது நுழைந்தது சிறுநீர் வழியாகத்தான். மேகநோய்க்கு சோடியம் அயோடைடு கொடுத்த நோயாளிகளின் சிறுநீர்ப்பை எக்ஸ்ரேயில் தெரிவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கவனித்து, 1923இல் எழுதினார்கள். 1929இல் பெர்லினில் மோசஸ் ஸ்விக் அதைவிடத் தேவலையான யூரோசெலக்டானைக் கொண்டுவந்தார். 1950களில் ஒரே வளையத்தில் மூன்று அயோடின் அணுக்களைக் கோத்த உப்புகள் வந்தன. படம் பளிச்சென்று விழுந்தது. ஆனால் மருந்தின் ஊடுபரவல் செறிவு ரத்தத்தைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு. ரத்தக்குழாயில் ஏற்றினால் எரியும், வலிக்கும். சிறுநீரகம் செயலிழந்த சம்பவங்கள் பதிவானதும் இந்தக் காலத்தில்தான். கிட்னியைப் படம் பிடிக்க வந்த மருந்து கிட்னியைக் கெடுக்கும் மருந்து என்று பெயர் வாங்கியது.

ஸ்வீடனின் மால்மோ நகரத்து டாக்டர் டோர்ஸ்டன் ஆல்மேன், மின்னேற்றம் இல்லாத மூலக்கூறாக இருந்தால் செறிவு குறையுமே என்று யோசித்தார். அவர் யோசனையை ஒரு நார்வே கம்பெனி மருந்தாக்கியது. 1982இல் ஐயோஹெக்சால் சந்தைக்கு வந்தது. செறிவு ரத்தத்தைப் போல இரண்டு, மூன்று மடங்குதான்.

மருந்து மாறியும் பயம் மாறவில்லை. நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று தோன்றும். சில நிமிஷத்தில் தணியும். கல்லீரல் இதைத் தொடுவதில்லை. சிறுநீரக வடிகட்டி அப்படியே வடித்து அனுப்பிவிடும். இரண்டு மணி நேரத்தில் பாதி, ஒரு நாளில் ஏறக்குறைய முழுதும். அவ்வளவு சுத்தமாக வடிவதால், கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று அளக்கவே ஸ்வீடனில் ஐயோஹெக்சாலைப் பயன்படுத்துகிறார்கள்.

2013இலிருந்து வந்த பெரிய ஆய்வுகள் கான்ட்ராஸ்ட் ஏற்றியவர்களையும் ஏற்றாதவர்களையும் ஒப்பிட்டன. கிரியேட்டினின் இரு தரப்பிலும் ஏறியிருந்தது. மருந்தின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி நோயுடையது. 2020இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களும் சிறுநீரக அமைப்பினரும் கூடிச் சொன்னது, கிட்னி வடிகட்டும் திறன் நிமிஷத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போனவர்களும் ஏற்கெனவே கிட்னி திடீரென்று பழுதானவர்களும்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள் என்று. அவர்களுக்கு முன்கூட்டியே சலைன் ஏற்றலாம். ஆகவே வாசலில் கேட்கும் கேள்வி வீணல்ல. ஆனால் பக்கவாதமோ குடல் அடைப்போ வந்தவரை ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காக்க வைப்பதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

மருந்தின் பயணம் நோயாளியோடு முடிவதில்லை. சிறுநீரில் போனது மைசூரின் கேசரே, வித்யாரண்யபுரம் கழிவுநீர் நிலையங்களுக்குப் போகும். வழக்கமான சுத்திகரிப்பால் இந்த மூலக்கூறை முழுதாக உடைக்க முடிவதில்லை. ரைன் நதியிலேயே கான்ட்ராஸ்ட் மருந்துகளைக் கண்டிருக்கிறார்கள். மைசூரின் வடிகால் கபினிக்கும் காவிரிக்கும் போகிறது. கபினி திருமகூடலில் காவிரியில் சேர, எல்லாம் மேட்டூருக்கு வருகிறது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சில இடங்களில் ஸ்கேன் முடிந்தவர் கையில் சிறுநீர் பிடிக்கும் பை கொடுத்தனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்புவதோடு சரி.