ஆற்றங்கரை எலும்பும் அடிமைகளின் அறிவும்

மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் எலும்பு தன் பெயரைத் தானே சொல்வதில்லை. அதைக் கையில் எடுப்பவன் தனக்கு முன்பே தெரிந்த ஏதோ ஒன்றோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்தது எது என்பதைப் பொறுத்தே அவனது முடிவும் அமைகிறது. ஆகவே ஓர் எலும்பு இனங்காணப்பட்ட வரலாற்றை ஆராயும்போது, அந்தச் சமுதாயத்தில் அறிவு யாரிடம் இருந்தது, அதற்குரிய பெருமை யாரைச் சென்றடைந்தது என்பவற்றையும் சேர்த்தே நாம் ஆராய வேண்டியவர்களாகிறோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நிகழ்ந்த இரு சம்பவங்களை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1705ஆம் ஆண்டு, அக்காலத்தில் ஆங்கிலேயக் குடியேற்றமாயிருந்த நியூயோர்க்கில், ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள கிளாவெரக் என்னும் ஊரில் பெரும் பல் ஒன்று அகப்பட்டது. அதன் நிறை ஏறக்குறைய 5 இறாத்தல். அதைக் கண்டெடுத்த ஒல்லாந்தக் குடியானவர், குடியேற்றச் சபை உறுப்பினர் ஒருவர் கொடுத்த ஒரு கிண்ணம் றம் சாராயத்துக்கு அதனைக் கைமாற்றிவிட்டார். பல் ஆளுநர் கோர்ன்பெரி பிரபுவிடம் போயிற்று. அவர் அதனை 'இராட்சதனின் பல்' என்று குறித்து இலண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். பொஸ்ரன் நகரத்தின் புகழ்பெற்ற போதகர் கொட்டன் மேதர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நோவா காலத்துப் பெருவெள்ளத்துக்கு முன் பூமியில் இராட்சதர்கள் வாழ்ந்தனர் என்ற வேதாகமக் கூற்றுக்கு இந்தப் பல்லே சான்று என்று 1712ஆம் ஆண்டில் அவர் அதே சங்கத்துக்கு எழுதினார்.

இவர்கள் கல்வியற்றவர்களல்லர். பல மொழி கற்றவர்கள், நூல்நிலையங்களை உடையவர்கள். எனினும் தவறினார்கள். அந்தப் பல் மஸ்ரடொன் என்னும் அழிந்துபோன விலங்கினுடையது. யானைக்குத் தூரத்து உறவான அவ்விலங்கின் கடைவாய்ப் பற்களில் கூம்பு கூம்பான முகடுகள் உண்டு. மனிதனின் கடைவாய்ப் பல்லிலும் முகடுகள் உண்டல்லவா? ஒப்பிடுவதற்கு மனிதப் பல்லையும் வேதாகமத்தையுமே கொண்டிருந்தவர்கள் மனிதனையே கண்டார்கள்.

இனித் தெற்கே கறோலினாவுக்குச் செல்வோம். ஏறக்குறைய 1725ஆம் ஆண்டளவில், அங்கே ஸ்ரோனோ என்னும் இடத்தில் மண்ணைத் தோண்டியபோது மூன்று நான்கு பெரிய பற்கள் வெளிப்பட்டன. கறோலினா நெல் விளைந்த நாடு. ஆற்றோரச் சதுப்பு நிலங்களை வெட்டித் திருத்தி, வரம்பு கட்டி, வாய்க்கால் தோண்டி அந்த வயல்களை உண்டாக்கியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அப்பற்களைப் பார்த்த ஆபிரிக்கர் அனைவரும் ஒரே குரலில், 'இவை யானையின் கடைவாய்ப் பற்கள்' என்றனர். அக்காலத்தில் அங்கே தாவரங்களையும் விலங்குகளையும் ஆராய்ந்துகொண்டிருந்த ஆங்கிலேயரான மார்க் கேற்ஸ்பி இதனைத் தமது நூலில் பதிந்துள்ளார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அத்தகைய பற்களைத் தாமும் கண்டிருப்பதாகவும், அவர்களது கருத்தே சரியென்றும் அவர் எழுதினார். பிறர் அறிவைத் தமதாக்கிக் கொள்ளாத அந்த நேர்மைக்காக அவரை நாம் பாராட்ட வேண்டும்.

யானையின் கடைவாய்ப் பல் வேறெந்த விலங்கின் பல்லையும் ஒத்ததன்று. தட்டுத் தட்டாக அடுக்கிய எனாமல் வரிகள், அம்மி கொத்தினாற்போல மேற்பரப்பில் குறுக்கே ஓடுகின்றன. முன் பல் தேயத் தேயப் பின்னிருந்து மறு பல் நகர்ந்து வருகிறது. ஸ்ரோனோவில் கிடைத்தவை இத்தகைய வரிகளையுடைய மம்மத் என்னும் பழைய யானையினத்தின் பற்கள். கறோலினாவுக்குக் கொண்டுவரப்பட்டோரிற் பலர் கொங்கோ, அங்கோலா நாடுகளைச் சேர்ந்தவர்கள். யானை வாழ்ந்த காட்டையும், யானைத் தந்தம் விலைபோன துறைமுகத்தையும் அறிந்தவர்கள். நூல் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வாழ்க்கையே அவர்களுக்கு ஒப்பீட்டுச் சாலையாக இருந்தது.

இந்த அறிஞர்களின் பெயர்கள் யாவை? ஒரு பெயர்தானும் எழுதப்படவில்லை. அதற்குரிய காரணத்தை அதே ஸ்ரோனோவின் வரலாறு காட்டுகிறது. 1739 செப்டெம்பர் 9ஆம் திகதி, ஸ்ரோனோ ஆற்றின் அருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கடையொன்றை உடைத்து ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, விடுதலை முழக்கத்துடன் ஸ்பானியர் வசமிருந்த புளொரிடாவை நோக்கி நடந்தனர். கிளர்ச்சி இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது. மறு ஆண்டு, 1740இல், குடியேற்றச் சபை இயற்றிய சட்டம் அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு 100 பவுண் தண்டம் விதித்தது. அறிந்தவனை எழுத விடாமற் செய்துவிட்டு, எழுதியவனே அறிந்தவன் என்று வரலாறு சமைப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய வழக்கம்.

பாரிஸ் நகரத்து விஞ்ஞானி கூவியே இக்கேள்வியை முறைப்படி ஆராய்ந்தது 1796ஆம் ஆண்டில்தான். மம்மத் இன்றைய யானைகளினின்றும் வேறான இனம். அது உலகினின்றே அழிந்துபோயிற்று என்று அவர் நிறுவினார். இனம் அழியக்கூடும் என்ற அந்தப் பேருண்மை ஸ்ரோனோவில் எவரும் கூறாதது. அது அவருக்கே உரியது. ஆனால் அவர் ஒப்பிட்டுப் பார்த்த மண்டையோடுகள் எங்கிருந்து வந்தன? ஒல்லாந்து ஆட்சியாளரின் சேகரிப்பைப் பிரெஞ்சுப் படைகள் 1795இல் கைப்பற்றிப் பாரிசுக்குக் கொண்டுவந்தன. அதிலிருந்த யானை மண்டையோடுகளுள் ஒன்று நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. மற்றொன்று நமது இலங்கையிலிருந்து வந்தது! ஒல்லாந்தர் ஆட்சியில் வன்னிச் சிற்றரசர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். காட்டில் உயிரைப் பணயம் வைத்து யானை பிடித்த குடிமக்களின் பெயர்களும் எந்த விஞ்ஞான நூலிலும் இல்லை.

1942இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜோர்ஜ் கேலோட் சிம்சன், அமெரிக்காவில் முள்ளந்தண்டு விலங்கொன்றின் தொல்லெச்சத்தை முதன்முதல் முறையாக இனங்கண்டவர்கள் ஆபிரிக்க அடிமைகளே என்று எடுத்துக்காட்டினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரேனும் அவ்வுண்மை உரிய இடத்தில் எழுதப்பட்டது.

விஞ்ஞானம் மாபெரும் தனிமனிதர்களின் மூளையிலிருந்தே பிறந்தது என்று நமது பாடநூல்கள் கற்பித்து வந்துள்ளன. கூவியேயைக் கற்பிக்கும் ஆசிரியர் ஸ்ரோனோவையும் கற்பிக்கட்டும். மண்ணை வெட்டியவனும், விலங்கோடு வாழ்ந்தவனும், கடலோடியும், வேடனும் திரட்டி வைத்த அறிவின் மீதே ஆய்வுகூடம் எழுந்து நிற்கிறது. அவர்களுடைய பெயர்களை இனி நாம் மீட்க முடியாது. ஆனால் அவர்களுடைய பங்கை மறைக்காமல் எழுதுவது நம்மால் முடியும். அது நமது கடமையுமாகும்.