ரிச்சர்ட் மோரின் வம்சாவளி

ரிச்சர்ட் மோர், 1620-இல் ‘மேஃபிளவர்’ கப்பலில் பெற்றோர் துணையின்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட நான்கு உடன்பிறப்புகளில் ஒருவர். எலன், ஜாஸ்பர், மேரி மூவரும் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ரிச்சர்ட் பிளிமத் குடியேற்றத்தில் வில்லியம் புரூஸ்டர் வீட்டு ஊழியச் சிறுவனாக வளர்ந்து, கிறிஸ்டியன் ஹன்டர் என்பவரை 1636-இல் மணந்தார். பிற்காலத்தில் கப்பல் தலைவரானார். மாசசூசெட்ஸின் சேலத்தில் அவரது கல்லறைக்கல் இன்றும் உள்ளது.

இந்தக் குழந்தைகளை லண்டன் தெருக்களில் திரட்டப்பட்ட அநாதைகள் என்றே வெகுகாலம் நம்பினர். 1620-இல் லண்டன் இரும்பு வணிகர் தாமஸ் வெஸ்டன் வீட்டில் தாம் இருந்ததாக, முதுமையில் 1684-இல் ரிச்சர்ட் வாக்குமூலம் அளித்திருக்கிறார். அதற்கு முந்தைய சுவடு ஷ்ரோப்ஷயரின் ஷிப்டன் தேவாலயப் பதிவேட்டில் உள்ளது. 1612 முதல் 1616 வரை அங்கு திருமுழுக்குப் பெற்ற நால்வரின் பெயர்கள் கப்பல் குழந்தைகளோடு பொருந்துகின்றன. ரிச்சர்டின் நாள் 1614 நவம்பர் 13. பெற்றோர் சாமுவேல் மோர், கேத்தரின் மோர்.

ஆனால் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏன் கப்பலேறினர்? வம்சாவளி ஆய்வாளர் ஆன்டனி வாக்னர் 1960-இல் வெளியிட்ட ஓர் ஆவணம் விடை தந்தது. கேத்தரினின் முறையீட்டுக்கு மறுமொழியாகச் சாமுவேல் 1622-இல் எழுதிய வாக்குமூலம் அது. பெற்றோரின் திருமணம், மோர் குடும்பத்தின் லார்டன் சொத்து கைமாறாதிருக்கச் செய்த உறவுத் திருமணம். குழந்தைகளின் சாயல் ஜேக்கப் பிளேக்வே என்பவரைப் போன்றது என்று சாமுவேல் குற்றம் சாட்டினார். 1616-இல் அவர்களைத் தாயிடமிருந்து பிரித்து, பின்னர் கப்பலேற்றும் வரை குடியானவர் வீட்டில் வைத்தார். கேத்தரின் அங்கே வந்து பிள்ளைகளின் உடைகளைப் பிடித்துக் கிழித்தாராம். இது எதிர்த்தரப்பின் சித்திரிப்பு. அந்தச் செயலில் தெரிவது வெறியா தவிப்பா என்பதை வாசிப்பவரே முடிவு செய்யலாம்.

பூர்வீகத்தைத் திறந்து காட்டிய அதே தாள், தந்தை யார் என்பதைச் சந்தேகத்தில் விட்டது. தேவாலயப் பதிவேட்டின்படி ரிச்சர்ட் சாமுவேலின் மகன். சாமுவேலின் பேச்சின்படி அல்ல. ஆகவே இந்த வம்சாவளியில் உறுதியாகப் பற்றிக்கொள்ளக்கூடியது தாய்வழியே. 1970-இல் வாக்னர் எடுத்துக்காட்டிய அரசகுலத் தொடர்பும் கேத்தரின் வழியாகவே வருவதால், தந்தை குறித்த ஐயம் அதைத் தொடவில்லை.