ஹிரோஷிமாவின் குழந்தைகள் - அழ வச்சதுக்கு ஒரு சண்டை

1945 ஆகஸ்ட் 6-ல குண்டு விழுந்துச்சு. அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிஞ்சது 1952 ஏப்ரல்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல கனெட்டோ ஷிண்டோவோட ‘ஹிரோஷிமாவின் குழந்தைகள்’ வந்துடுச்சு. மனுஷன் காத்துக்கிட்டே இருந்திருப்பார் போல! அவர் பிறந்ததே ஹிரோஷிமா பக்கம்தான்.

கதைன்னு பெருசா ஒண்ணுமில்லை. ஒரு டீச்சர், தன்கிட்ட பாலர் பள்ளியில படிச்ச பிள்ளைங்கள்ல பிழைச்சவங்களைத் தேடி ஊருக்குத் திரும்பறாங்க. அவங்க வீட்டுல முன்னாடி வேலை பார்த்த பெரியவர் இப்ப முகம் வெந்து, பார்வை போய், பிச்சை எடுக்கறார். மிச்சம் ஒரு பேரன் மட்டும்தான். அவனை என்கூட அனுப்புங்கன்னு டீச்சர் கேட்கறப்போ மறுப்பார் பாருங்க... குண்டு வெடிக்கற காட்சியை விட அதுதான் என்னை உலுக்குச்சு.

படத்துக்குப் பின்னாடி நின்ன ஆசிரியர் சங்கத்துக்கே இது பிடிக்கலை. வெறும் கண்ணீர்க் கதையாக்கிட்டார்னு கோபம். ஹிடியோ செகிகாவாவை வச்சு 1953-ல ‘ஹிரோஷிமா’ன்னு இன்னொண்ணு எடுத்தாங்க. ஊர்மக்களே ஆயிரக்கணக்குல நடிச்சாங்க. அதுல சூடு ஜாஸ்தி. (ரெண்டுக்கும் இசை அகிரா இஃபுகுபே. 1954-ல ‘காட்ஜில்லா’வுக்குப் போட்டவரேதான்!)

சங்கம் கேட்டதுல நியாயம் இல்லாம இல்லை. ஆனாலும் என் ஓட்டு ஷிண்டோவுக்குத்தான். அந்தப் பெரியவர்கிட்ட போய் யார் மேல கோபப்படச் சொல்றது?