சன்லைட் சோப்பை மடித்த பெண்கள்

சோப்பு ஃபேக்டரி என்றாலே எல்லோருக்கும் கொதிக்கும் கொப்பரைதான் ஞாபகம் வரும். புதுச்சேரியில் பேக்கிங் செக்‌ஷனிலேயே இருந்து ரிட்டயரானவள் நான். என் கண் முதலில் உறைமேல்தான் போகும். சன்லைட் சோப்பைக் கொண்டுவந்த வில்லியம் லீவருக்கும் அப்படித்தான் போயிருக்கிறது.

அவர் காலத்து இங்கிலாந்தில் சோப்பு நீளப் பாளமாகக் கடைக்கு வரும். கடைக்காரர் அறுத்து, நிறுத்துக் கொடுப்பார். யார் காய்ச்சியது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. மளிகை வியாபாரக் குடும்பத்தில் பிறந்த லீவர் 1884ல் சன்லைட் என்ற பெயரைப் பதிவு செய்தார். மறுவருடம் வாரிங்டனில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். மாட்டுக்கொழுப்பைக் குறைத்துத் தேங்காய் எண்ணெயும் பருத்திவிதை எண்ணெயும் சேர்த்ததில் சோப்பு நன்றாக நுரைத்தது. ஆனால் வியர்த்தது, நாளானால் சிக்கு வாடையும் வந்தது. அதனால்தான் துண்டு போட்டு, தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடைத்தார்கள். பெயரும் பெட்டிமேல் ஏறிக்கொண்டது.

வாரம் 20 டன்னில் ஆரம்பித்தது, 1888ல் 450 டன். இடம் போதாமல் மெர்சி ஆற்றங்கரைச் சதுப்பில் 56 ஏக்கர் வாங்கினார். அதுதான் போர்ட் சன்லைட். அதே வருடம் சன்லைட் பெட்டிகள் கல்கத்தாவிலும் வந்து இறங்கின.

காய்ச்ச ஆள் கொஞ்சம் போதும். மடிக்கத்தான் கை நிறைய வேண்டும். தாளின் நடுவில் சோப்பை வைத்து, இரண்டு ஓரத்தையும் இழுத்து மேலே படியவைத்து, முனைகளை முக்கோணமாக ஒடுக்கி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. சரியாக உலராத சோப்பு வந்தால் தாள் நழுவும், மடிப்பு நிற்காது. இந்த வேலைக்கு இளம்பெண்களாகச் சேர்த்தார்கள். 1896ல் அவர்களுக்கென்று ஒரு விடுதி, 1901ல் சாப்பாட்டுக்கு ஹ்யூம் ஹால். கல்யாணமானால் வேலை போச்சு.

தொழிலாளிகளுக்கு வீடு, பள்ளிக்கூடம், தோட்டம் எல்லாம் கட்டினார் லீவர். லாபத்தில் பங்கைக் கையில் கொடுத்தால் குடியிலும் தீனியிலும் கரைந்துவிடும், நானே வைத்திருந்து வசதியாகத் தருகிறேன் என்பது அவர் கட்சி. பெரிய மனசு என்பவர்கள் உண்டு. என் காசை எனக்காக இன்னொருவர் செலவழிக்க நான் ஒப்பமாட்டேன்.

விற்பனை ஏற ஏற எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. 1911ல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் போட்டுக் காங்கோவுக்குள் நுழைந்தார். அங்கே எண்ணெய்ப்பனையில் ஏறிக் குலை வெட்டவேண்டும், நம் பனையேறிகளைப்போல. அந்த வேலைக்கு ஆட்கள் தாமாக வரவில்லை. காலனி அதிகாரிகள் வரியைக் காட்டி மிரட்டியும் வற்புறுத்தியும் அனுப்பினார்கள். லீவர் 1925ல் இறந்தார். 1929ல் கம்பெனி யூனிலீவர் ஆனது. குலைக்குக் கொடுக்கும் விலை விழுந்து, வரிச்சுமையும் நெரித்தபோது, 1931ல் க்விலு பகுதியின் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கப் போன படை நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றது.