பெயரும் பெயரனும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் ஒருமுறையேனும் எதிர்கொண்ட வினா ஒன்று உண்டு. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கச் செல்கின்றோம். விண்ணப்பத் தாளில் 'பெயர்' என்பதை அடுத்துக் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் நிற்கின்றது. அதனை வெறுமையாக விட்டால் எழுத்தர் ஏற்பதில்லை. தந்தையின் பெயரை அதில் நிரப்பிவிட்டு வீடு திரும்புகின்றோம். குடும்பப் பெயர் இல்லாதது நமக்கொரு குறையோ என்னும் ஐயம் மட்டும் உள்ளத்தில் தங்கிவிடுகின்றது. வரலாறு இதற்கு யாது விடை கூறுகின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

கரூரை அடுத்த புகளூரில் ஆறுநாட்டார் மலை என்னும் குன்று உள்ளது. அங்குத் தமிழ் பிராமி எழுத்தில் அமைந்த சேரர் கல்வெட்டு, செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டுவித்த செய்தியைக் கூறுகின்றது. துறவியின் பெயர்க்கு முன் அவர் ஊராகிய யாற்றூர் நிற்கின்றது. கொடை தந்த இளங்கடுங்கோ, பெருங்கடுங்கோனின் மகன் என்றும், அவன் செல்லிரும்பொறையின் மகன் என்றும் குறிக்கப்பெறுகின்றான். முன்னே ஊர், பின்னே தந்தையும் பாட்டனும். நம் பெயர்க்கு முன் நிற்கும் தலைப்பெழுத்துகள் சுட்டுவனவும் இவையே அன்றோ?

மகனின் மகனைப் 'பேரன்' என்கின்றோம். இச்சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். 'பெயர்த்தி' என்பதே 'பேத்தி' ஆயிற்று. ஐங்குறுநூற்று முல்லைப் பாட்டு ஒன்றிலும் தலைவனின் புதல்வன் பாட்டன் பெயரைத் தாங்கியவனாகவே சுட்டப்பெறுகின்றான். மாமனாரின் பெயரை வாயாற் சொல்லக் கூசிய மருமகள், அப்பெயரையே தாங்கிய தன் மகனை வேறொரு செல்லப் பெயரால் அழைத்த வழக்கத்தை நம் பாட்டிமார் நன்கறிவர்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கரும் தலைமகனுக்குப் பாட்டன் பெயரை இட்டனர். கி.மு. 490-இல் மாரத்தான் போரில் வென்ற மில்தியாதீசின் தந்தை பெயர் கீமோன். மகன் பெயரும் கீமோனே. ஐஸ்லாந்து நாட்டில் இன்றும் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. 1980-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற விக்தீஸ் அம்மையாரின் பின்பெயராகிய பின்போகதோத்திர் என்பது, பின்போகியின் மகள் என்றே பொருள்படும். தாயின் பெயரை இவ்வாறு இணைத்துக்கொள்வோரும் அங்கு உளர்.

குடும்பப் பெயர் எங்கும் தொன்றுதொட்டு வந்ததும் அன்று. ஜப்பானியப் பொதுமக்கள் அனைவரும் அதனைக் கொண்டே ஆக வேண்டும் என்ற ஆணை 1875-இல்தான் பிறந்தது. துருக்கியில் 1934-ஆம் ஆண்டுச் சட்டமே அதனைக் கட்டாயமாக்கிற்று. தமிழகத்திலோ வரலாறு எதிர்த்திசையிற் சென்றது. பெயர்க்குப் பின் நின்ற சாதிப் பட்டத்தைத் துறக்குமாறு 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பின்னர்ப் பலர் அப்பட்டத்தை உதறினர். நம் பெயரின் பின்னுள்ள வெற்றிடம் பெரிதும் அவர்கள் விரும்பி ஏற்படுத்தியது. அதனைக் குறையெனக் கருதுதல் தகாது.

ஆயினும் இழப்பு ஒன்று நேர்கின்றது. தந்தையின் பெயர் அக்கட்டத்தில் உறைந்து, தலைமுறைதோறும் அதுவே தொடருமாயின், நாளைய பிள்ளையின் பெயரருகே அதன் தந்தை பெயர் இராது. பாட்டன் பெயரும் யாருடையது என்று அறியப்படாத வெற்றொலியாய் நின்றுவிடும்.

தாய்லாந்தின் குவான் லுக் பட் என்னும் இடத்தில், பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்துள்ளது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என மதிக்கப்பெறும் அதில், 'பெரும்பதன் கல்' எனத் தமிழில் பொறிக்கப்பெற்றுள்ளது. கடல் கடந்து சென்ற அத்தமிழனைப்பற்றி அக்கல்லில் எஞ்சியிருப்பது அவன் பெயர் ஒன்றே. அவன் தந்தை யார், ஊர் எது என்பதைச் சொல்லுவார் இலர்.

விண்ணப்பத் தாளின் கட்டத்தை அதன் விதிப்படி நிரப்புவோம். வீட்டிலோ, நம் பிள்ளைகட்குத் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களையும், தாய், பாட்டி, பூட்டி பெயர்களையும், அவர்தம் ஊர்களையும் சொல்லிப் பழக்குவோம். தாங்கிய பெயர் யாருடையது என்று அறிந்தவனே பெயரன், அறிந்தவளே பெயர்த்தி.